கடல் கடந்து கற்ற சேர்ந்திசை

"கூடி வாழ்ந்தால் கோடி நன்மை" என்பார்கள் நம் பெரியோர். கூடிப் பாடினால் என்ன நன்மை என்று எங்களைக் கேட்டவர் பலர். "பாட்டுப் பாடுவதற்கு டாக்டர் பட்டமா? கையை ஆட்டுவதற்கு நான்கு ஆண்டுப் படிப்பா?" என்று வியந்தவரும் உண்டு, நகைத்தவரும் உண்டு. அவர்கள் கேள்விக்கு விடையாகவும், இப்பள்ளியின் பாடகர் குழுவில் இன்று நிற்கும் தங்கையருக்கு ஒரு வழிகாட்டியாகவும் இருக்கட்டும் என்று, தலைமை அருட்சகோதரியார் கேட்டுக்கொண்டதற்கிணங்க இக்கட்டுரையை எழுதுகிறோம்.

"நாங்கள்" என்று இதில் வருமிடமெல்லாம் நால்வரைக் குறிக்கும். ஒருத்தி தென்கொரியாவைச் சேர்ந்தவள். ஒருத்தி பிலிப்பைன்ஸ் நாட்டினள். மற்றொருத்தி பிரேசில் நாட்டினள். நான்காமவள் இப்பள்ளியில் ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை படித்தவள். எழுதும் கை அவளுடையது, பட்டறிவு நால்வருடையது. 2016ஆம் ஆண்டுக்கும் 2018ஆம் ஆண்டுக்கும் இடையில் ஒருவர் பின் ஒருவராக அமெரிக்காவின் நடுமேற்குப் பகுதியில் உள்ள ஒரு பல்கலைக்கழகத்துக்கு வந்து சேர்ந்தோம். பாடகர் குழு நடத்தும் கலையில் முனைவர் பட்டம் பெறுவதே எங்கள் நோக்கம்.

பாடகர் குழு நடத்துனர் என்பவர் யார்? அவர் பாடுவதில்லை, வாசிப்பதுமில்லை. நாற்பது பேர் நாற்பது விதமாக மூச்சு விடுகின்றனர். அந்த நாற்பது மூச்சையும் ஒரே நொடியில் தொடங்கச் செய்வது அவர் கையின் வேலை. பாட்டு தொடங்குவதற்கு ஒரு தட்டு முன்னதாக அவர் கை எழ வேண்டும். அந்த ஒரு அசைவிலேயே வேகம், வன்மை, மென்மை, உணர்ச்சி அனைத்தும் அடங்கியிருக்க வேண்டும். கை அவசரப்பட்டால் பாடகரின் தொண்டை இறுகும். கை தாராளமாக விரிந்தால் மூச்சும் ஆழமாகும். பார்ப்பதற்கு எளிது, பழகுவதற்கு அரிது.

இப்படிப்புக்கு அங்கே டி.எம்.ஏ. என்று பெயர், இசைக்கலை முனைவர் எனலாம். ஆய்வேட்டையே முதன்மையாகக் கொண்ட பி.எச்.டி. பட்டத்திலிருந்து இது வேறுபட்டது. இதில் ஆய்வேடும் உண்டு; அதனுடன் மேடையேறிக் குழுவை நடத்திக் காட்டும் நிகழ்ச்சிகளும் உண்டு. இசை வரலாறு, இசை இலக்கணம், குரற்பயிற்சி, ஐரோப்பிய மொழிகளின் உச்சரிப்பு ஆகியவற்றிலும் தேற வேண்டும். இறுதியில் சில நாட்கள் நீடிக்கும் பொதுத் தேர்வு வேறு.

சேர்வதே ஒரு சோதனை. பெரும்பாலான பல்கலைக்கழகங்கள் இப்பிரிவில் ஆண்டுக்கு ஓரிருவரையே எடுக்கின்றன. முதலில் நாம் ஒரு குழுவுக்குப் பயிற்சி அளிப்பதையும், அக்குழு மேடையில் பாடுவதையும் ஒளிப்பதிவு செய்து அனுப்ப வேண்டும். அதில் பார்ப்பது பாடகரின் முகத்தையன்று. நம் முகத்தையும் கையையும். அதில் தேறியவரை நேரில் அழைப்பார்கள். முன்பின் அறியாத பாடகர் குழுவின் முன் நிறுத்தி, "இருபது நிமிடம் உனக்கு, பயிற்சி கொடு" என்பார்கள். ஆல்டோ குரலில் ஒரு சுரத்தை வேண்டுமென்றே பிசகாகப் பாடும்படி பாடகர்களிடம் முன்பே சொல்லி வைத்திருப்பதும் உண்டு. அதைக் கண்டுபிடிக்கும் செவி நமக்கு உண்டா என்று பார்ப்பார்கள். கண்டுபிடித்த பின், அப்பாடகரின் மனம் நோகாமல் எப்படித் திருத்துகிறோம் என்றும் பார்ப்பார்கள்.

இடம் கிடைத்த பின் பணத்தின் கேள்வி எழுந்தது. எங்கள் நால்வர் வீட்டிலும் டாலர் காய்க்கும் மரம் இல்லை. கல்விக் கட்டணத்தைத் தள்ளுபடி செய்து, இளநிலை மாணவருக்குக் கற்பிப்பதற்காகச் சிறு மாத உதவித்தொகையும் தரும் உதவி ஆசிரியப் பணி கிடைத்ததனால்தான் போக முடிந்தது. மாணவர் விசாவில் வந்தவர்கள் கல்வி நடக்கும் காலத்தில் வாரத்துக்கு 20 மணி நேரத்துக்கு மேல் வேலை செய்யக் கூடாது. அதுவும் பல்கலைக்கழக வளாகத்துக்குள்ளேதான். ஆகவே உதவித்தொகைக்குள்ளேயே வாடகை, உணவு, குளிர்காலக் கம்பளி ஆடை எல்லாம் அடங்க வேண்டும். நால்வரும் ஒரே வீட்டில் தங்கினோம். பெரிய அரிசி மூட்டை ஒன்று வாங்கினால் நாலு நாட்டுச் சமையலுக்கும் அதுவே போதும் என்பது எங்கள் முதற் கண்டுபிடிப்பு. அதே அரிசி ஒரு நாள் சாம்பார் சாதமாகும். மறுநாள் கருப்பு அவரையோடு பிரேசில் உணவாகும். அதற்கடுத்த நாள் கிம்ச்சியோடு இலையின்றிப் பரிமாறப்படும்.

வகுப்பில் சேர்ந்த முதல் வாரத்தில் மொழியே ஒரு மதிலாக நின்றது. ஆங்கிலம் தெரியாததனால் அன்று. நம் ஊரில் லண்டன் டிரினிட்டி கல்லூரித் தேர்வுகளுக்குப் பியானோ பயின்றவர்கள் "குரோச்செட்", "குவேவர்" என்றே சுரங்களின் கால அளவைக் கற்கிறோம். அமெரிக்க மாணவருக்கு அச்சொற்கள் வழக்கத்தில் இல்லை. அவர்கள் "குவார்ட்டர் நோட்", "எய்ட்த் நோட்" என்பார்கள். "டோ, ரே, மீ" என்பதிலும் இதே கதைதான். பிரேசில் தோழிக்கு "டோ" என்றால் பியானோவில் ஒரே ஒரு கட்டை; அது நகராது. நமக்கோ எந்தச் சுருதியில் தொடங்கினாலும் முதற் சுரம் ஸ தான்.

இங்கே ஒரு செய்தியைத் தங்கையர் அறிய வேண்டும். நம் தேவாலயங்களில் பழைய பாடற் புத்தகங்களில் காணும் "டானிக் சோல்பா" எழுத்துமுறை இங்கிலாந்தில் பிறந்தது. நார்விச் நகரில் வாழ்ந்த சாரா குளோவர் என்னும் ஆசிரியை சிறுவர்க்குப் பாடக் கற்பிக்க வகுத்த முறையை, ஜான் கர்வன் என்னும் போதகர் பத்தொன்பதாம் நூற்றாண்டில் விரிவாக்கிப் பரப்பினார். ஒரு பள்ளி ஆசிரியையின் எண்ணம் கடல் கடந்து தமிழ்நாட்டுக் கிராமம் வரை வந்திருக்கிறது. அம்முறையில் பழகிய செவி எங்களுள் ஒருத்திக்கு அங்கே பெரிதும் உதவியது. எந்தச் சுருதியில் பாட்டு வந்தாலும் ஸ எது என்று உடனே அவள் செவி தேடிவிடும்.

உச்சரிப்பு வகுப்பில் நால்வரும் நான்கு விதமாக அவதிப்பட்டோம், சிரித்தோம். கொரியத் தோழிக்கு ரகரமும் லகரமும் ஒன்றோடொன்று கலந்தன. பிலிப்பைன்ஸ் தோழிக்கு "எஃப்" ஒலி சில வேளை "பி" ஆனது. பிரேசில் தோழி "டி" என வேண்டிய இடத்தில் "ச்சி" என்பாள். நமக்கோ எழுத்தில் ககரம் ஒன்றே; ஜெர்மன் மொழியில் அதன் வல்லொலியும் மெல்லொலியும் இரு வேறு எழுத்துக்கள், இரு வேறு பொருள். லத்தீன் மொழியிலும் ஒரே உச்சரிப்பு இல்லை என்பதை அங்கேதான் அறிந்தோம். அரசியைக் குறிக்கும் சொல்லை உரோமை வழக்கில் "ரெஜீனா" என்பர். பாக் முதலிய ஜெர்மன் ஆசிரியர்களின் பாடல்களில் பலர் "ரெகீனா" என்று பாடுவர். எந்த நாட்டில் பிறந்த பாட்டு என்று தெரிந்தே வாய் திறக்க வேண்டும்.

நூலறிவும் குறைவின்றி வேண்டியிருந்தது. பாக் 1749ஆம் ஆண்டு அளவில் நிறைவு செய்த பி மைனர் திருப்பலி இசையை ஒரு பருவம் முழுவதும் பயின்றோம். அதை முழுமையாக மேடையில் கேட்காமலே அவர் 1750இல் மறைந்தார். அவருடைய மத்தேயு நற்செய்திப் பாடுகளின் இசையை 1829இல் பெர்லின் நகரில் மீண்டும் மேடையேற்றியவர் மெண்டல்சன். அப்போது அவருக்கு வயது இருபது! நம் கல்லூரி மாணவியர் வயது. பெரியவற்றைச் செய்ய வயது ஒரு தடையன்று என்று அன்று எங்கள் குறிப்பேட்டில் எழுதி வைத்தோம்.

பெண் என்பதும் ஒரு தடையோ? இக்கேள்வி எங்களுக்கு முன்பே மற்றொருவரைத் துன்புறுத்தியது. மார்கரெட் ஹில்லிஸ் என்பவர் 1921இல் இந்தியானா மாநிலத்தில் பிறந்தார். வாத்திய இசைக்குழுவை நடத்த வேண்டும் என்பது அவர் கனவு. பெண்ணுக்கு அத்துறையில் இடமில்லை, பாடகர் குழுவுக்குப் போ என்று அவருக்கு அறிவுரை சொல்லப்பட்டது. அவர் போனார். 1957இல் சிக்காகோ சிம்பொனியின் பாடகர் குழுவை நிறுவி உலகப் புகழ் பெறச் செய்தார். 1977இல் நியூயார்க் கார்னகி மண்டபத்தில் மாலரின் எட்டாம் சிம்பொனி நடக்க இருந்த வேளையில் நடத்துனர் ஜார்ஜ் சோல்ட்டி விழுந்து காயமுற்றார். சில நூறு பேர் பங்கு பெறும் அம்மாபெரும் இசையை நடத்த அழைக்கப்பட்டவர் ஹில்லிஸ் அம்மையாரே. இசை முழுவதும் அவர் உள்ளத்தில் இருந்தது. ஏறி நின்று நடத்தினார். மூடிய கதவின் முன் அமர்ந்து அழாமல், திறந்த கதவின் வழியே புகுந்து முழு வீட்டையும் அறிந்துகொண்டவர் அவர்.

இவ்வாறு படிப்பு நடந்துகொண்டிருந்த நாளில்தான் 2020ஆம் ஆண்டு வந்தது. அவ்வாண்டு மார்ச் 10ஆம் நாள் வாஷிங்டன் மாநிலத்தின் ஸ்காஜிட் பள்ளத்தாக்கில் ஒரு பாடகர் குழு வழக்கம்போல் பயிற்சிக்குக் கூடியது. வந்தவர் 61 பேர். அப்பயிற்சிக்குப் பின் ஐம்பதுக்கும் மேற்பட்டோருக்குக் கொரோனா நோய் கண்டது, இருவர் இறந்தனர். கூடிப் பாடுவதே ஆபத்து என்று உலகம் அறிந்துகொண்ட செய்தி அது. எங்கள் துறையின் பாடல் அறைகள் பூட்டப்பட்டன. இணையத்தில் கூடிப் பாடலாமே என்று நீங்கள் கேட்கலாம். குரல் ஒரு கணினியிலிருந்து மற்றொன்றுக்குப் போய்ச் சேரும் சிறு தாமதமே தாளத்தைக் கெடுத்துவிடும். ஒவ்வொருவரும் தனித்தனியே பாடிப் பதிவு செய்து, பின்னர் ஒன்று சேர்க்கலாமே தவிர, ஒருவர் மூச்சை ஒருவர் கேட்டுப் பாட முடியாது. அது இல்லாதபோது நடத்துனருக்கு என்ன வேலை?

ஜூலை 6ஆம் நாள் இடி போன்ற ஓர் அறிவிப்பு வந்தது. வகுப்புகள் யாவும் இணையத்திலேயே நடக்குமானால், வெளிநாட்டு மாணவர் அந்நாட்டில் தங்கக் கூடாது என்றது அது. எங்கள் நிலையை எண்ணிப் பாருங்கள். நேரில் கூடிப் பாடினால் உயிருக்கு ஆபத்து. கூடாவிட்டால் நாட்டைவிட்டு வெளியேற வேண்டும். வெளியேறவும் வழியில்லை. இந்தியாவுக்கு வழக்கமான பன்னாட்டு விமானங்கள் மார்ச் மாதமே நின்றுவிட்டன. அன்றிரவு நால்வரும் சமையலறை மேசையைச் சுற்றி அமர்ந்தோம். யார் யாரிடம் எவ்வளவு பணம் இருக்கிறது என்று ஒரு தாளில் எழுதினோம். ஒருத்திக்குப் பயணச் சீட்டு வாங்க வேண்டியிருந்தால் மற்ற மூவரும் பங்கிட்டுக்கொள்வது என்று முடிவு செய்தோம். யாரும் அழவில்லை. சோறு மட்டும் அப்படியே இருந்தது.

மறுநாள் எங்கள் பேராசிரியர் ஒருவர் வீடு தேடி வந்து, வாசலுக்கு வெளியே புல்வெளியில் முகக்கவசத்துடன் நின்றார். "மரத்தடியில் ஒரு வகுப்பு நடத்துகிறேன். நால்வர்தானே? ஆறடிக்கு ஒருவராக நில்லுங்கள். நேரடி வகுப்பு என்று பதிவு செய்வோம்" என்றார். அவர் வயது எழுபதை நெருங்கியிருந்தது. நோய்க்கு முதலில் அஞ்ச வேண்டியவர் அவரே. அதைச் சொன்னபோது, "எனக்கும் தெரியும்" என்று மட்டும் கூறிவிட்டுப் போனார். சில பல்கலைக்கழகங்கள் நீதிமன்றம் சென்றன. ஜூலை 14ஆம் நாள் அந்த அறிவிப்பு திரும்பப் பெறப்பட்டது. எட்டே நாட்கள்தாம், எங்களுக்கு எட்டு மாதங்களாகத் தோன்றின. ஆயினும் மரத்தடி வகுப்பு நிற்கவில்லை. அந்த இலையுதிர் காலம் முழுவதும் அங்கேதான் கற்றோம்.

அக்டோபரில் கொரியத் தோழியின் தந்தையார் சியோல் நகரில் காலமானார். அவர்கள் வழக்கப்படி மூன்றாம் நாள் நல்லடக்கம். நாட்டுக்குள் வருவோர் அப்போது பொதுவாக 14 நாட்கள் தனிமையில் இருக்க வேண்டும். கணக்குப் போட்டுப் பார்க்கவே வேண்டியதில்லை. போனாலும் தந்தையின் முகம் காண முடியாது. திரும்பி வர முடியுமா என்பதும் உறுதியில்லை. அவர் தம் ஆலயப் பாடகர் குழுவில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் பாஸ் குரல் பாடியவர். எங்கள் வீட்டுப் பின்புறம் குளிரில் நின்று, கைப்பேசியை ஒரு நாற்காலியின் மேல் சாய்த்து வைத்து, இறந்தோர்க்கான பழைய கிரகோரியன் பாடலை நால்வரும் பாடினோம். அதற்கு நான்கு குரல்கள் கிடையாது. எல்லாரும் ஒரே சுரத்தில் பாடுவது. கைகாட்ட ஒருவரும் முன்னே நிற்கவில்லை. அவள் மூச்சு எடுத்தபோது நாங்களும் எடுத்தோம். அவளால் பாட முடியாத இடத்தில் நாங்கள் மூவரும் நிறுத்தாமல் பாடினோம். மறுபக்கம் அவள் தாயார் கைகூப்பி நின்றது சிறு திரையில் தெரிந்தது. எத்தனையோ வகுப்புகளில் கற்பிக்கப்பட்டதன் பொருள் அந்தச் சில நிமிடங்களில் எங்களுக்கு விளங்கிற்று. ஒருவர் குரல் உடைந்தாலும் பாட்டு உடையாமல் காப்பதற்குத்தான் குழு.

ஆய்வேட்டுக்கு அவரவர் தாய்நாட்டு இசையையே எடுத்துக்கொண்டோம். பிலிப்பைன்ஸ் தோழிக்கு முன்மாதிரியாக இருந்தவர் ஆண்ட்ரியா வெனராசியன் அம்மையார். அவர் அமெரிக்காவில் பயின்று தாயகம் திரும்பி, 1963இல் பிலிப்பைன் மாட்ரிகல் பாடகர் குழுவை நிறுவினார். அக்குழுவினர் அரைவட்டமாக அமர்ந்து, முன்னே நடத்துனர் நில்லாமலே பாடுவர். ஐரோப்பாவின் பெரும் சேர்ந்திசைப் பரிசை 1997இலும் 2007இலும் வென்றனர். பிரேசில் தோழி, 1930களில் தம் நாட்டுப் பள்ளிகளிலெல்லாம் சேர்ந்து பாடுவதைப் பாடமாக்கப் பாடுபட்ட வில்லா லோபோசைப் பற்றி எழுதினாள்.

தமிழ்ப் பெண்ணின் ஆய்வு நம் குற்றெழுத்தையும் நெட்டெழுத்தையும் பற்றியது. ஆங்கிலத்தில் ஒரு சொல்லை எவ்வளவு நீட்டிப் பாடினாலும் பெரும்பாலும் பொருள் மாறாது. தமிழில் "வனம்" என்பதை நீட்டினால் "வானம்" ஆகிவிடும். "கல்" "கால்" ஆகும். "விடு" "வீடு" ஆகும். மேல்நாட்டு மெட்டுக்குத் தமிழ்ச் சொற்களை அடைக்கும்போது குறிலின் மேல் நீண்ட சுரம் வந்து விழுந்து, பொருள் தடுமாறுவதைப் பல பாடல்களில் கேட்கிறோம். மாயூரம் வேதநாயகம் பிள்ளை போன்றோர் இயற்றிய தமிழ்க் கீர்த்தனைகளில் சொல்லும் சுரமும் எப்படி இணைந்து நடக்கின்றன என்று ஆராய்ந்து, அவ்வழியில் நான்கு குரல்களுக்குத் தமிழ்ப்பாட்டு எழுதும் முறையை வகுக்க முயன்றாள். இதை ஆராய அத்தனை தூரம் போக வேண்டுமா என்று தந்தையார் கேட்டார். தூரத்தில் நின்றபோதுதான் அது தெரிந்தது என்பதே விடை.

2022ஆம் ஆண்டுக்குள் நால்வரும் பட்டம் பெற்றோம். படிப்பு முடிந்த பின் ஓராண்டு அங்கே வேலை பார்க்க அனுமதி உண்டு. அறிவியல், பொறியியல் படித்தவருக்குக் கிடைக்கும் கூடுதல் காலம் இசை படித்தவருக்குக் கிடைப்பதில்லை. கொரியத் தோழியும் பிரேசில் தோழியும் தத்தம் நாடு திரும்பினர். பிலிப்பைன்ஸ் தோழி அங்கே ஒரு சிறு கல்லூரியில் ஆசிரியையாக இருக்கிறாள். தமிழ்ப் பெண் ஊர் திரும்பிப் பங்குத்தளங்களின் பாடகர் குழுக்களுக்குப் பயிற்சி அளிக்கிறாள். வருமானம் சிறிது. "இவ்வளவு படித்து இதற்கா?" என்னும் கேள்வி உறவினர் வீட்டுத் திருமணங்களில் தவறாமல் எழுகிறது. அக்கேள்வியில் நியாயமே இல்லை என்று நாங்கள் சொல்லமாட்டோம். மாதக் கடைசியில் எங்களுக்கும் அது எழுவதுண்டு.

அன்புத் தங்கையரே, உங்களில் யாருக்கேனும் இவ்வழியில் நடக்க ஆவல் இருந்தால், அனுபவத்தில் கண்ட சிலவற்றைச் சொல்லுகிறோம். பியானோவை இன்றே தொடங்குங்கள். நான்கு குரலையும் ஒருசேர வாசிக்கத் தெரியாதவர் இத்துறையில் மிகவும் இடர்ப்படுவர். சோல்பாவையும் ஐந்து கோட்டு இசையெழுத்தையும் இரண்டையும் படியுங்கள். இசையில் இளநிலை, முதுகலைப் பட்டங்களைப் பெற்ற பின்னரே முனைவர் படிப்பு என்பதை நினைவிற்கொள்ளுங்கள். சிறு குழுவானாலும் ஒன்றை நடத்துங்கள். நடத்துவதை ஒளிப்பதிவு செய்து, வெட்கப்படாமல் பாருங்கள். கட்டணத் தள்ளுபடியும் உதவித்தொகையும் எழுத்தில் உறுதியாகும் முன் பெற்றோரைக் கடன் வாங்கச் செய்யாதீர்கள். பெற்றோர்களே, உங்கள் மகள் பாடகர் குழுவுக்காகச் செலவிடும் மாலை நேரத்தை வீண் என்று எண்ணாதீர்கள். பிறர் குரலைக் கேட்டுத் தன் குரலை அடக்கவும், வேண்டிய இடத்தில் துணிந்து ஒலிக்கவும் அவள் அங்கே கற்கிறாள்.

நம் பள்ளிப் பாடகர் குழுவில் இரண்டாம் குரலுக்கு எப்போதும் ஆள் குறைவு என்று இசை ஆசிரியை எழுதியிருந்தார். எல்லாரும் மெட்டையே பாட விரும்புகிறார்களாம். ஆல்டோ பாட முன்வரும் தங்கையருக்கு வரும் ஜூன் முதல் சனிக்கிழமைதோறும் மாலை நான்கு மணிக்குப் பயிற்சி அளிக்க எங்களுள் ஒருத்தி வருகிறாள். முன் அனுபவம் தேவையில்லை. செவி இருந்தால் போதும்.